படலையடியில் சொன்ன ‘பாய்’

எங்கள் ஊரில் வெளிக்கிடுகிறவனைப் பார்த்து “எங்கை போறாய்?” என்று கேட்கக் கூடாது. “தூரமோ?” என்றுதான் கேட்போம். அவனும் “போறன்” என்று சொல்லமாட்டான். “போட்டு வாறன்” என்பான். கடலுக்குப் போகிற குடும்பங்களில் இது இன்னும் இறுக்கம். என் அத்தான் தொண்டைமானாற்றில் வள்ளம் விட்ட காலமெல்லாம் “வாறன்” என்று சொல்லித்தான் போனார். ஒவ்வொரு தரமும் வந்து சேர்ந்தார். வயது போய், வீட்டுக் கட்டிலில்தான் கண்ணை மூடினார். “அந்தச் சொல்லின்ரை பலன்” என்பார் அக்கா. சொல்லாமல் எழும்பிப் போகிற இடம் ஒன்றுதான், செத்த வீடு.

இதெல்லாம் அக்காவின் மருமகளுக்கு எப்படித் தெரியும்? லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தரமாக மாமியைப் பார்க்க வந்திருந்தாள். லண்டனில் இருக்கும் மகனுக்கு விசா சிக்கல், வரவில்லை. வந்த நாள் தொடக்கம் குசினிக்கும் கிணற்றடிக்கும் மாமியின் பின்னாலேயே திரிந்தாள். கூழுக்குள் கிடக்கும் நண்டுக்காலை உறிஞ்சப் பழகினாள். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, “உவள் திரும்பி வருவாளோடா?” என்றார். அவருக்கு அந்த ஒரு கவலைதான். இவள் வந்தால் பின்னால் மகனும் வருவான்.

புறப்படுகிற அன்று காலை எயார்போட்டுக்குப் போகிற வான் வாசல் படலையடியில் நின்றது. பிள்ளை மாமியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். வானில் ஏறிக் கையை ஆட்டி, “பாய், மாமி!” என்றாள்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. “இறக்கடா அவளை!” என்றார் என்னிடம்.

“என்னக்கா, பாஸ்போட்டை விட்டிட்டாவோ?” என்றார் வான்காரர்.

“அதைவிடப் பெரிசு. நீர் பேசாமல் இரும்.”

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், கதிரையில் இருத்தி, செம்பில் தண்ணீர் கொடுத்தார். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் என்ன பிழை செய்தனான், மாமா?” என்று என்னைக் கேட்டாள். வாறன் என்று சொல்லாமல் போவது எங்களுக்குச் செத்த வீட்டில்தான் வழக்கம் என்று சொன்னேன். உடனே போனை எடுத்துத் தட்டினாள்.

“ஐயோ மாமி, அது கெட்ட சொல் இல்லை. ‘குட்பாய்’ எண்டது முந்தி முழு வசனமாம். கடவுள் உங்களோடை இருக்கட்டும் எண்டு. சொல்லிச் சொல்லித் தேய்ஞ்சு போச்சாம்.”

எனக்குச் சொற்கள் என்றால் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட பஸ்ஸில் காதில் விழுந்ததுதான் கூட. போனை வைக்கும்போதெல்லாம் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன்! கடனுக்கு வாங்கிவிட்டு ஒளித்துத் திரிந்தவனுக்கும் கடவுளைத் துணைக்கு அனுப்பியிருக்கிறேன்.

“கடவுளை விட்டிட்டு வாலை மட்டும் வைச்சிருக்கிறாங்கள்” என்றார் அக்கா. கொஞ்சம் யோசித்தார். “சரி, கடவுள் கூட வரட்டும். நீ திரும்பி வருவாய் எண்டு அதிலை எங்கை கிடக்கு?”

பிள்ளை போனைப் பார்க்கவில்லை. மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“அது அதிலை இல்லை, மாமி.”

தண்ணீரைக் குடித்து முடித்து எழும்பினாள். “போட்டு வாறன்.”

“ஓம், போட்டு வா” என்பதுதான் முறையான பதில். அக்கா, “எப்ப?” என்றார்.

“சந்நிதி முருகன் கோயில் திருவிழாவுக்கு. அவரையும் இழுத்துக்கொண்டு.”

வான் ஒழுங்கை முடக்கில் திரும்பும் வரை அக்கா படலையைப் பிடித்தபடி நின்றார். பிறகு கையைத் தூக்கி, “பாய், பிள்ளை” என்றார்.

நான் பார்த்தேன்.

“என்னடா பாக்கிறாய்? துணைக்கு ஆள் வேணும்தானே. கனதூரம்.”