பரங்கிப் பூவுக்கு ஒரு மாப்பிள்ளை

வில்லாபுரம் காசிமாயன் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் டிவி முன்னால் உட்கார்ந்தவர்தான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது, சர்க்கரை ஏறியது. வாய் மட்டும் நாள் முழுக்க யாரையாவது வைதுகொண்டிருந்தது.

"மாத்திரை மட்டும் போதாது. மாடியில நாலு செடி வைங்க" என்றார் டாக்டர் பவதாரிணி. மனைவி நாகஜோதி அன்றைக்கே பை மண்ணும் பரங்கி விதையும் மாடியில் கொண்டுபோய் வைத்தாள்.

வேண்டாவெறுப்பாகத்தான் படியேறினார். கொடி படர்ந்ததும் ஆளே மாறிவிட்டார். கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தொங்கிய கொடியை, "படியில தொங்காத, உள்ள ஏறு!" என்று அதட்டினார். காய் மட்டும் பிடிக்கவில்லை. பிஞ்செல்லாம் வெம்பி விழுந்தன. தேனீ வராத தெருவாம். ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் நாமே தடவ வேண்டுமாம். நாகஜோதி போனில் பார்த்துச் சொன்னாள்.

ஒருநாள் காலையில் பெண்பூ ஒன்று விரிந்து நின்றது. ஆண்பூதான் இல்லை. பக்கத்து மாடியில், ஜலால் பாயின் கொடியில், ஆண்பூக்கள் கொத்தாகச் சிரித்தன. தண்ணீர்த் தொட்டி வழிந்த சண்டையில் ஜலாலோடு பேச்சு நின்று ரெண்டு வருஷம். ஆனால் வெயில் ஏறினால் பூ கூம்பிவிடும். வேட்டியை மடித்துக்கட்டி இறங்கி ஓடினார்.

கதவைத் திறந்தார் ஜலால்.

"பாய்... வீட்ல ஒரு பொண்ணு இருக்கு. அவசரமா மாப்ள வேணும்."

"அண்ணே, உங்களுக்குத்தான் பொண்ணே கெடையாதே!"

காசிமாயன் மாடியில் தொங்கிய பரங்கிக்கொடியைக் கைகாட்டினார். விஷயம் புரிந்து ஜலால் சிரித்த சிரிப்பில், அடுப்படியில் அவர் மனைவி சைனப் கரண்டியை நழுவவிட்டாள்.

"மாப்ளயத் தனியா அனுப்ப மாட்டேன். நானும் வாரேன்" என்று ஆண்பூ ஒன்றைப் பறித்துக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு கிளம்பினார் ஜலால்.

தடவும்போது காசிமாயன் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாத்துத் தடவுங்கண்ணே! செவுத்துக்கா கல்யாணம் பண்றீங்க?"

காய் பிடித்தது. ஜலால் தினமும் "சம்பந்தி!" என்று கூப்பிட்டபடி மாடியேறினார். இருவரும் காய்க்குத் துண்டு போர்த்தினார்கள், எறும்பு விரட்டினார்கள், அது யார் வீட்டுச் சாயல் என்று சண்டை போட்டார்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, காசிமாயன் இரண்டு கையையும் விரித்துக் காயின் பருமனைக் காட்டினார்.

முற்றியதும் வெட்ட மனசு வரவில்லை. "பெத்த புள்ளய யாராச்சும் வெட்டுவாகளா?" என்றார் காசிமாயன். நாகஜோதி பொறுத்துப் பார்த்தாள். இருவரும் டீக்கடைக்குப் போன நேரம் அரிவாள்மணையை எடுத்துவிட்டாள்.

திரும்பி வந்தவர்கள் புளிக்குழம்பு வாசனையில் வாசலிலேயே நின்றார்கள். எழவு வீட்டுக்கு வந்தவர்கள்போல் இலை முன்னால் குனிந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார்கள். ஜலால்தான் முதலில் தலையை நிமிர்த்தினார்.

"தங்கச்சி, இன்னும் ரெண்டு துண்டு கெடைக்குமா?"