‘வெளிப்படை’ என்ற சொல்லும் இரண்டு பெட்டிகளும்

‘இது வெளிப்படை’ என்று எந்தக் கட்டுரையில் இருந்தாலும் மேடத்தின் சிவப்புப் பென்சில் அங்கேயே நின்றுவிடும். கீழே ஒரு கோடு, பக்கத்தில் “யாருக்கு?” என்று ஒரு கேள்வி. பாதி நாள் அந்தக் கேள்வியிலேயே முனை உடையும்.

பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்துகிறார். மாணவர்கள் வைத்த பெயர் ‘கொதிகெண்டி’. வீட்டிலும் அதே கதைதான். குழாய் ரிப்பேர் செய்தவர், “சரியாயிருக்கும்மா” என்று கிளம்பினால் மேடம் விடமாட்டார். “இருக்கும்னா? இருக்கா, இல்லையா?” வாளி நிரம்பும்வரை அந்த மனிதர் நிற்க வேண்டும். கணவர் குறுக்கே பேசுவதில்லை; பட்டுத் தெளிந்தவர்.

மேடத்தின் துறை கேட்டகரி தியரி, கணித அமைப்புகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுகின்றன என்று பார்ப்பது. அதில் மோனாட் என்று சில அமைப்புகள். இரண்டு மோனாட்களை ஒன்றாகச் சேர்க்க, அவற்றின் வரிசையை மாற்றித்தரும் பங்கீட்டு விதி ஒன்று வேண்டும். துறைத் தலைவர் அப்படியொரு விதியைப் பிடித்துவிட்டதாகக் கட்டுரை எழுதி, மேடத்தின் பெயரையும் சேர்த்திருந்தார். பல பெட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடு, அவ்வளவுதான் விதி. உள்ளே இருப்பவற்றின் பெயரை எடுக்கும் முன்பே மாற்றினாலும், எடுத்த பின் மாற்றினாலும் ஒரே விடை வரவேண்டும்; விதி பிசகக் கூடாது. பிசகாது என்பதற்கு நிரூபணமாகத் தலைவர் எழுதியது ஒரே சொல்: வெளிப்படை.

மேடம் அவர் அறைக்குப் போய்ப் பலகையில் இரண்டு பெட்டி வரைந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பந்து, ஒரு நீலப் பந்து.

“நிறத்தையே பந்தோட புதுப் பேரா வைங்க சார். பந்த எடுத்துட்டு அப்புறம் நிறத்த மட்டும் பாருங்க. சிவப்பும் நீலமும் சேந்து வரலாம். முதல்லயே நிறத்த மட்டும் பாத்தா ரெண்டு பெட்டிக்கும் வித்தியாசமே இல்ல, ஒரே பெட்டின்னுதான் கணக்கு. அப்போ ஒரு நிறம்தான் வரும். உங்க விதி நிக்கல.”

“இவ்ளோ தூரம் யாரும்மா நோண்டப் போறாங்க? அடுத்த வாரம் உங்க வேலைய நிரந்தரமாக்குற கமிட்டில நான்தான் உக்காரணும். இந்தக் கட்டுரை இல்லாம என்னத்தச் சொல்றது?”

மேடத்துக்குச் சுர்ரென்று ஏறியது. ஏழு வருடமாகத் தற்காலிகம். அந்த வேலை வேண்டும்தான். ஆனால் இந்தப் புளுகை நம்பி யாரோ ஒருத்தி இதன்மேல் மூன்று வருட ஆராய்ச்சியைக் கட்டுவாளே.

“ஒரு வார்த்தைதானே, விடுங்க” என்று சிரித்து, கட்டுரையை அனுப்பச் சம்மதக் கையெழுத்துக்காகத் தலைவர் தன் பேனாவை நீட்டினார்.

மேடம் வாங்கினார். முதல் பக்கத்தில் தன் பெயரைத் தாள் கிழியும்வரை அடித்தார். பேனாவை மூடி, தலைவரின் சட்டைப் பையிலேயே செருகினார்.