உச்சிப் பாறையில் ஒரு வழியனுப்பு

ஸ்டேஷன் மாஸ்டர் ஐயாவின் பச்சைக் கொடி என் பெட்டியில் இருக்கிறது. வெளுத்துப்போய்ப் பாசி நிறத்துக்கு வந்துவிட்ட துணி. ஒருமுறை மருமகள் அதைப் பிடிதுணி என்று எண்ணிச் சோற்றுப்பானையை இறக்கிவிட்டாள். அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

யுத்த காலத்தில் பொம்மிடி ஸ்டேஷனில் நான் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். ஐயாவின் ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து, ஒரு பகல் வண்டியில் எங்கள் ஸ்டேஷன் வழியாகவே போனான். வண்டி நின்றது இரண்டே நிமிடம். ஐயா டூட்டியில் இருந்தார். தந்தி, அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர், வண்டியின் கார்டு கேட்ட கேள்வி என்று எல்லாம் முடித்து அவர் வெளியே வருவதற்குள் நேரமாகிவிட்டது. மகன் எந்தப் பெட்டியில் இருக்கிறான் என்று தேடக்கூட முடியாமல் பச்சைக் கொடியைக் காட்டினார். வண்டி போய்விட்டது. பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது. "உங்களப் பாக்க முடியலப்பா. சித்தேரி மலை உச்சி மட்டும் ரொம்ப தூரம் கூடவே வந்துச்சு." அதற்குப் பின், பர்மா சண்டைக்குப் போனவனிடமிருந்து எந்தச் சேதியும் இல்லை.

அன்றிலிருந்து வேலைக்கு நடுவே ஐயாவின் கண் அந்த உச்சிக்கே போகும். அந்த ஏக்கத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கே தாங்காது. தேன் விற்க வந்த மலைக்காரர் ஒருவர், "உச்சிப் பாறையில நின்னா ரயில் பொகை சாமல்பட்டி ஸ்டேஷன் வரைக்கும் தெரியுமுங்க" என்று சொல்லிவைத்தார். யுத்தம் முடிந்து லீவு கிடைத்ததும் ஐயா என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மலையூரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் அந்த மலைக்காரர் முன்னே நடக்க, மூங்கில் காட்டுக்குள் கரடித் தடம் பார்த்துப் பார்த்து ஏறினோம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு மூச்சு வாங்கியது. "திரும்பிடலாமுங்க ஐயா" என்று நான் சொன்னதற்கு முறைத்தார். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. வெகுநேரம் காத்திருந்தோம். கடைசியில், கீழே அதே பகல் வண்டியின் புகை நூல் போல நீண்டது. ஐயாவின் சட்டைப் பையில் பச்சைக் கொடி துருத்திக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"கொடியக் காட்டுங்க ஐயா" என்றேன்.

அவர் அதை உருவி என் கையில் திணித்தார். "நீயே வெச்சுக்க. இன்னைக்கு எனக்கு டூட்டி இல்ல. இன்னைக்கு நான் அவனுக்கு அப்பன்."

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். புகை மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றார்.

ஐயா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போதும் அந்தப் பக்கம் ரயிலில் போனால் ஜன்னலோரம்தான் உட்காருவேன். உச்சி தெரிந்ததும் கை தானாக எழும். "யாருக்குத் தாத்தா டாட்டா காட்டற?" என்று பேத்தி சிரிப்பாள். அங்கே அவர் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதாகவே எனக்குத் தோன்றும். மலை மறையும்வரை நானும் கையை இறக்குவதில்லை. கொடியை மட்டும் ஒருநாளும் எடுத்துக்கொண்டு போனதில்லை.