அரைஞாணில் அறுபத்தேழு

ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் தேய்த்துக்கொண்டே தணிகாசலம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கும் பட்டு இழையை இழுத்து, அதில் ஒரு முடிச்சுப் போடுவார். மருந்து இல்லையென்று திருப்பியனுப்பிய நாளானால், கறுப்பு நூல் துணுக்கு ஒன்றை அதில் முடிவார். தறியில் அறுந்த இழையைப் பார்க்காமலே பிணைக்கிற விரல்கள் அவை. எழுத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளி. உடம்பில் சதை இல்லாவிட்டாலும் வாயில் பஞ்சமில்லை. தர்ம ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அர்ஜுனனை அவர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை.

"வெந்நீர்ல முக்கி எடுத்தா ஆச்சாபா? ஊசி கொதிக்க வாணாம்?"

"வாய மூடிக்கினு வர மாட்டீங்களா?" என்று மனைவி லோகாம்பாள் இடிப்பாள். அவர் மூடியதில்லை.

மொத்தம் தொண்ணூறு ஊசி. நடுவில் விட்டால் போட்டதெல்லாம் வீண், நெஞ்சு நோய் திரும்பிவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அறுபத்தெட்டாவது ஊசிக்குப் போன காலையில் அர்ஜுனன் ஊசிக் கணக்கு எழுதும் காகிதக் கட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உன் சீட்டக் காணோம்பா. புதுசா பேரு எழுதிக்கோ. முறை வர மூணு மாசம் ஆவும். அப்புறம் ஒண்ணுலருந்து."

"ஒண்ணுலருந்தா! அறுபத்தேழு குத்து வாங்கின ஒடம்புபா இது!"

"எழுத்துல இருக்குதா?"

தணிகாசலம் மனசுக்குள் கணக்குப் போட்டார். மூன்று மாதம் என்றால் மறுபடி ரத்தமாகத் துப்ப வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. புதிதாக வேலைக்கு வந்திருந்த லேடி டாக்டர், "என்ன சத்தம்?" என்று அறையிலிருந்து வெளியே வந்தார்.

"இருக்குதும்மா, அறுபத்தேழும் இதுல இருக்குது!" என்று சட்டையைத் தூக்கினார் மனிதர். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி பார்ப்பதற்குள் இழை அவிழ்ந்து கைக்கு வந்துவிட்டது.

"இந்த முடிச்ச நீங்க வீட்டுலயே உக்காந்து போட்டிருக்கலாமே?" என்றார் டாக்டரம்மா.

"மருந்து இல்லாத நாளும் இதுல இருக்குதும்மா. நேத்திலருந்து பின்னால போங்க. இருவத்தாறு தாண்டினா கறுப்பு ரெண்டு. அப்பால பதினெட்டு. அப்பால கறுப்பு மூணு. அதுக்கும் முன்னால இருவத்திமூணு. மருந்து ரூம் நோட்டக் கொண்டாரச் சொல்லுங்க. ஒண்ணு தப்புனாலும் நான் வூட்டுக்குப் போயிடறேன்!"

சொல்லிவிட்டாரே தவிர, உள்ளுக்குள் பயம்தான். ஒரு முடிச்சு விட்டிருந்தால் போச்சு.

நோட்டு வந்தது. டாக்டரம்மா நாள் நாளாகப் பின்னோக்கித் தள்ள, தணிகாசலத்தின் நகம் முடிச்சு முடிச்சாக நகர்ந்தது. மருந்துக்கு நின்ற வரிசையே சூழ்ந்துகொண்டது. முதலில் முணுமுணுப்பாக, பிறகு வாய்விட்டு எல்லாரும் எண்ணினார்கள். "இருவத்தாறு!" டாக்டரின் விரல் நின்றது. அடுத்தடுத்து இரண்டு நாள், 'இருப்பு இல்லை'.

"எண்ணுப்பா, எங்களுக்கும் சேத்து எண்ணு!" என்று கத்தினாள் இருமலுக்கு மருந்து வாங்க வந்த கங்கையம்மாள்.

பதினெட்டு போயிற்று. மறுபடி 'இருப்பு இல்லை', மூன்று நாள். எஞ்சிய இருபத்திமூன்று நாளிலும் மருந்து இருந்தது. ஆஸ்பத்திரி இரண்டுபட்டது. தணிகாசலம் சிரித்தார், இருமினார், இருமலுக்கு நடுவிலும் சிரித்தார்.

டாக்டரம்மா நோட்டை மூடினார். "அர்ஜுனன், ஊசியக் கொதிக்க வைங்க. நல்லா கொதிக்கட்டும்."

அதைக் கேட்டதிலேயே தணிகாசலத்துக்குப் பாதி நோய் போயிற்று. புதுச் சீட்டில் அறுபத்தேழு ஏறியது. ஊசி போட்டதும் அறுபத்தெட்டும் ஏறியது. அதைக் காகிதக் கட்டோடு சேர்ப்பதற்காக அர்ஜுனன் இழுத்தார். சீட்டு வரவில்லை. மறுபடி இழுத்தார். அதன் மறுமூலை தணிகாசலத்தின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது.