அம்மாவின் திரை அணைந்த ஞாயிறு

பிள்ளைகளா, அம்மாவின் கம்ப்யூட்டரைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். "அந்த ஓட்டைப் பெட்டி அன்னைக்கு மட்டும் நிக்காம இருந்திருந்தா" என்று இளையவள் சொல்லும்போது எனக்கு அங்கே உட்கார முடிவதில்லை. பெட்டியின் மேல் குற்றமில்லை. அன்றைக்கு அதை நிறுத்தியது நான்தான். வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

நரம்பு நோயில் அம்மாவுக்குப் பேச்சு போன பிறகு, துறைமுகத்தில் நான் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டில் கழித்துப்போட்ட ஒரு தொடுதிரைக் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒற்றை விரலால் அவள் தொட்டு எழுத, அது வார்த்தை வார்த்தையாக வாசித்தது. ரயில்வே ஸ்டேஷன் அக்கா பேசுகிறாள் என்று நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திரை உறைந்துவிடும்.

"ஒங்க பெட்டி ஒங்கள மாதிரியே. மத்தியானம் ஆனா தூங்கிருது," என்று அதன் குரலிலேயே என்னைக் கேலி செய்தாள்.

நான் பாலிடெக்னிக்கோடு நின்றவன். யார்டில் கேட் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும்போது கற்றதுதான் என் படிப்பு. துருவிப் பார்த்ததில், பழுது கர்னலில் இருந்தது. கர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடியில் ஓடி மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற புரோகிராம். அதில் திரையில் படம் வரையும் பகுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் நினைவகத்தில் கொஞ்சம் இடம் வாங்கும். வரைந்ததும் திருப்பித் தரவேண்டும். திரையில் வரும் எழுத்துப் பலகையைப் பாதியில் மூடினால் மட்டும் தராமல் விட்டது. எங்கள் யார்டிலும் இப்படி நடப்பதுண்டு. கண்டெய்னர் வெளியே போயிருக்கும், போனதாக யாரும் பதிந்திருக்கமாட்டார்கள். தரை காலியாகக் கிடக்க, இடமில்லை என்று லாரிகள் கேட்டில் நிற்கும்.

இடத்தைத் திருப்பித் தரும் ஒரு வரியை எழுதிச் சேர்த்தேன். கர்னலைத் திருத்துகிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. திருத்தம் எதுவானாலும், நினைவகத்தைக் காவல் காக்கும் சோதனையைப் போட்டு ஒரு நாள் முழுக்க ஓடவிட வேண்டும். போட்டேன். போட்டால் எல்லாமே ஆமை வேகம். அம்மா அரை மணி நேரம் பொறுத்தாள்.

"எழுத்து வாரதுக்குள்ள என்ன சொல்ல வந்தேன்னே மறந்துருது. இத எடுத்துருங்க."

"ஒரு நாள் பொறுளா."

"எனக்கு நாள் கெடக்கா?"

காவலை எடுத்துவிட்டேன். அது சனிக்கிழமை.

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, மூத்தவளே, நீ கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் கேட்டது. "மூத்தவளுக்கு. அந்த. பச்சை." அடுத்து ஒன்றும் வரவில்லை. "அப்பா, கறுப்பாயிட்டு!" என்று நீ கத்தினாய். ஈரக் கையோடு ஓடிவந்து திரும்பப் போட்டேன். அது எழும்பி வருவதற்குள் அம்மாவின் விரல் களைத்துவிட்டது. பச்சை என்ன, பச்சை என்ன என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். பொறுத்துப் பொறுத்து ஒரே வார்த்தை எழுதினாள். "பெறவு."

செவ்வாய்க்கிழமை சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே அவள் விரல் அசையவில்லை. அடுத்த ஞாயிறு அவளை அடக்கம் பண்ணினோம்.

மூத்தவளே, நீ அலமாரியில் பச்சையாக இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்தாய். மணப்பாட்டில் அவள் அக்காவுக்குப் போன் போட்டும் கேட்டாய். "சேலையா இருக்கும்ளா," என்றாள் பெரியம்மா. "இல்ல, அந்தப் பச்சைப் பாவாடையோ என்னமோ. எனக்கு எப்பிடித் தெரியும், மக்கா?" என்று அவளும் அழுதாள்.

அது ஏன் நின்றதென்று ஒரு மாதம் கழித்துத்தான் பார்க்கத் துணிந்தேன். என் திருத்தத்தை, உலகெங்கும் இந்த வேலை பார்ப்பவர்கள் படிக்கும் மின்மடல் குழுவுக்கு அனுப்பினேன். முகம் தெரியாத ஒருவர் ஒரே கேள்வி கேட்டிருந்தார். இந்த இடத்தை ஏற்கெனவே வேறொரு வரியும் திருப்பித் தருகிறதே, கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை. ஒரே இடத்தை இரண்டு தடவை திருப்பித் தந்திருக்கிறேன். முதல் தடவையிலேயே அது வேறொன்றுக்குப் போய்விட்டது. இரண்டாவது தடவை அந்த வேறொன்றின் காலடித் தரையை உருவிவிட்டேன். காவலைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். நாற்பதாவது நிமிடம் அந்த வரியைச் சுட்டிக் காட்டிவிட்டது. இன்னும் பத்தே நிமிடம் அவளைப் பொறுக்கச் சொல்லியிருக்கலாம்.

வரியை இடம் மாற்றி, இந்தத் தடவை இரண்டு நாள் ஓடவிட்டு, மறுபடியும் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். இனி எங்கோ யாரோ ஒருவருடைய திரை உறையாது. அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். அது பற்றாது என்பதும் மெய்.

பச்சை என்னவென்று எனக்கும் தெரியாது, மகளே. அது உனக்குத் தெரியாமல் போனது என்னால். இனி பெட்டியைத் திட்டாதீர்கள். என்னைத் திட்டுங்கள்.

ஏற்றுக்கொண்டதாக அவர்கள் பதில் வந்த அன்று நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். அம்மாவின் கம்ப்யூட்டரைப் போட்டேன். எந்தக் கர்னலில் தொடங்கட்டும் என்று கேட்கும் பட்டியலில் மூன்று இருந்தன. பழையது, சரியானது, நடுவில் அந்தச் சனிக்கிழமையுடையது. சரியானதில் தொடங்கி, சனிக்கிழமையுடையதைத் தேடி அழித்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்பதைத் தொட்டேன்.