அரை நாள் திங்கட்கிழமை

எரெந்திரா வாயைத் திறந்தால் மெக்சிகோவின் லியோன் நகரத்துச் செருப்புத் தெருவே திரும்பிப் பார்க்கும் என்பார்கள். பொய்யில்லை. டான் மக்காரியோவின், அதாவது மக்காரியோ ஐயாவின், பூட்ஸ் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டம் போடுகிறவள் அவள். தோல் எப்போது வந்து இறங்க வேண்டும், எந்த ஆர்டர் எந்த வாரம் லாரி ஏற வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு.

அவளுடைய அப்பா கோயெசீயோ பேட்டையில் வீட்டிலேயே பூட்ஸ் தைத்தவர். மகா கெட்டிக்காரர். ஆனால் சாகும்வரை ஒரு திங்கட்கிழமைகூடச் சுத்தியலைத் தொட்டதில்லை. அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டமும் பீரும், திங்கட்கிழமை சான் லூனெஸ், அதாவது புனிதத் திங்கள். எந்தக் கோயிலிலும் இல்லாத அந்தச் சாமிக்குத்தான் இந்த ஊரில் பக்தர்கள் அதிகம்.

டான் மக்காரியோ முதன்முதலில் வாங்கிய மென்பொருள் மண்ணைக் கவ்வியதே இந்தச் சாமியால்தான். விற்க வந்தவர்கள், வாரத்தில் எத்தனை நாள் முழு வேலை என்று கேட்டார்கள். மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க ஆளுங்க ஆறு நாளும் சிங்கம்!" என்று அடித்துவிட்டார். வெளியூர்க்காரன் முன்னால் மானம் போகக்கூடாதே! கணினி பாவம், அப்படியே நம்பியது. திங்கட்கிழமை பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்க, அது பாட்டுக்குக் கடைக்காரர்களுக்குத் தேதி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஆர்டராவது சொன்ன தேதியில் போயிருக்க வேண்டுமே! கடைசியில் அதை மூடி வைத்துவிட்டுப் பழைய கரும்பலகைக்கே திரும்பினார்கள். பழி யார் தலையில் விழுந்தது? எரெந்திரா தலையில்தான். பொம்பளைக்குக் கம்ப்யூட்டர் வராது என்று பேசினார்கள். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் மோன்டெர்ரே நகரத்துப் பெரிய கடைக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் சரக்கு இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். அவர்கள் போனால் தொழிற்சாலையில் பாதியைப் பூட்ட வேண்டியதுதான்.

"வேற சாஃப்ட்வேர் பாரு" என்றார் டான் மக்காரியோ. "இந்தத் தடவையும் சொதப்புச்சுன்னா உனக்கு இங்க வேலை இல்ல, சொல்லிட்டேன்."

"சரி முதலாளி. ஆனா தேர்ந்தெடுக்கறது நான். அவங்ககிட்ட பேசறதும் நான்தான்."

விற்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கலர் கலராகப் படம் காட்டினார்கள். எல்லோரிடமும் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"எங்க திங்கக்கெழமை அரை நாள்தான். உங்க சாஃப்ட்வேர் அதுக்கு என்ன பண்ணும்?"

ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர், முதலில் ஆட்களைத் திருத்துங்கள் என்று புத்தி சொன்னார். குவாதலஹாராவிலிருந்து வந்தவர் மட்டும், "எந்தப் பிரிவுல ஆள் குறையுது? தைக்கற இடத்துலயா, அடி ஒட்டற இடத்துலயா?" என்று கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்தார். எரெந்திராவுக்கு அது போதும். அவரிடமே வாங்குவதென்று பேசி முடித்துவிட்டாள்.

அவர் வெளியே போனதும் டான் மக்காரியோ குதித்தார். "ஊரான் முன்னால என் மானத்தை வாங்கிட்டியேடி!"

"இதுல என்ன மானம்? எங்கப்பா திங்கக்கெழமை குப்புறப் படுத்துக் கெடந்தவர்தான். அவர் தச்ச பூட்ஸை இன்னிக்கும் போட்டுக்கிட்டுத் திரியறாங்க. நம்ம ஆளுங்க சோம்பேறி இல்ல. செவ்வாக்கெழமை கீழ எறங்கி வந்து பாருங்க, கை பறக்கும். உள்ளத உள்ளபடி சொன்னாத்தான் அந்த மெஷினு நமக்கு ஒழைக்கும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

புது மென்பொருளின் திரையை வேலைக் கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டினார்கள். மற்ற நாட்களுக்கு முழுக் கட்டம். திங்கட்கிழமைக்குப் பாதிக் கட்டம். அடி ஒட்டுவதில் அந்தத் தெருவுக்கே ராஜாவான சிரிலோ அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்.

"ஏம்மா எரெந்திரா, அதென்ன திங்கக்கெழமைக்கு மட்டும் பாதி?"

"நீங்க வரமாட்டீங்கன்னு மெஷினு முடிவு பண்ணிடுச்சு, டான் சிரிலோ."

"என்னைக் குடிகாரன்னா சொல்லுது?"

"சேச்சே. உங்களை எதிர்பார்க்கல, அவ்வளவுதான்."

மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. கையிலிருந்த பன்றித்தோல் வறுவல் ரொட்டியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமை காலை, கண் சிவக்க, வாய் மணக்க, இரண்டு மச்சான்களையும் இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"பாத்துக்கட்டும் உன் மெஷினு!"

அவரே வந்துவிட்டார் என்றதும் மற்றவர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாரத்துக்கு வாரம் நாற்காலிகள் நிரம்பின. கணினி அரை நாள் வேலைதான் எதிர்பார்த்தது. கிடைத்ததோ அதற்கு மேல். மோன்டெர்ரே சரக்கு சொன்ன தேதிக்கு முன்பே லாரி ஏறியது. அப்படி என்ன மந்திரம் போட்டீர்கள் என்று கடைக்காரர் போனில் கேட்க, டான் மக்காரியோ ரிசீவரை எரெந்திராவிடம் நீட்டினார். "அவளையே கேளுங்க. எங்க பொண்ணு, தேர்ந்தெடுத்தது அவதான்!" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அப்பா இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போனை வைத்ததும் முதலாளி கணினியிடம் ஓடினார். "திங்கக்கெழமையை முழு நாளா மாத்து! ஆறு நாளும் சிங்கம்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

எரெந்திரா விசைப்பலகையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "தொட்டீங்க, கெட்டுது! பாதின்னு போட்டிருக்கறதாலதான் வர்றாங்க. முழுசுன்னு போடுங்க, அடுத்த வாரம் எல்லாரும் சாமி கும்பிடப் போயிடுவாங்க."

அப்போது கீழேயிருந்து சிரிலோவின் குரல் வந்தது. "ஏம்மா, இன்னுமா பாதியே போட்டிருக்கு?"

"பாதிதான்!" என்று இவள் கத்தினாள்.

சிரிலோ ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.