ஆமைத் தொட்டிக்கு நான் பொருத்திய விளக்கு

மண்ணூர்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில் மின்பராமரிப்புப் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்; இயற்பியல் பட்டதாரி. நூம்பலில் குடியேறிய பிறகும், எங்கள் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் ஒயரிங் வேலையை என்னிடம் காட்டிவிட்டே பூச்சுவேலையைத் தொடங்குவார்கள்.

பெங்களூரில் வேலை கிடைத்துப் போன மகள், தன் வளர்ப்பு ஆமையைக் கண்ணாடித் தொட்டியோடு எங்களிடம் விட்டுச் சென்றாள். அது ஏறிக் காயும் கல்லுக்கு மேலே, வெப்பத்துக்கு ஒரு குண்டு பல்பும், ஓடு உறுதிப்படப் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு ஒன்றும் தேவை என்று படித்தறிந்து, தேடி வாங்கிப் பொருத்தினேன். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் திறந்த விளக்கைத் தொழிற்சாலையில் நான் ஒருநாளும் அனுமதித்ததில்லை. ஆகவே காற்றுக்கு ஓர் ஓரம் விட்டு, விளக்குகளுக்குக் கீழே கண்ணாடித் தகடு ஒன்றை வைத்து மூடினேன்.

சில மாதங்களில் ஆமையின் ஓடு விரலுக்கு அமுங்கியது. இரையும் எடுக்கவில்லை. மகள் தொலைபேசியில் விசாரித்தபோதெல்லாம், "நல்லா சாப்பிடுதும்மா" என்றேன்.

"செத்துப்போச்சுன்னா அப்பவும் இதையே சொல்லுவீங்களா?" என்றாள் மனைவி.

ஆமையை வாளியில் வைத்துக்கொண்டு, இருவரும் பூந்தமல்லியில் மீன்தொட்டி விற்கும் பாயிடம் போனோம். தொட்டியின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன்.

"லைட்டு சோக்காத்தான் கீது சார். நடுவுல இன்னாத்துக்குக் கண்ணாடி? வெளிச்சம் உள்ள பூடும், சத்து மேலயே நின்னுகினு இருக்கும். எட்த்துட்டுக் கம்பிவலை போடுங்க. மொதல்ல டாக்டராண்ட காட்டுங்க."

"ஊருக்கே ஒயரிங் பாக்குறவரு பாய் இவரு!" என்று மனைவி சிரித்தாள்.

"உடுங்கம்மா, சாருக்குத் தெரியாததா."

தெரிந்ததுதான். புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுக்கும் என்பதைக் கல்லூரியிலேயே படித்திருக்கிறேன். தொழிற்சாலைப் பழக்கம் முந்திக்கொண்டது.

அன்றே கண்ணாடியை அகற்றினேன். கால்நடை மருத்துவர் கொடுத்த மருந்தும் சேர்ந்து, ஓடு மெல்ல இறுகியது. ஆமை இரை எடுத்தது. அதன் பிறகே மகளிடம் உண்மையைச் சொன்னேன்.

நான் தவறான விளக்கை வாங்கியதாகவும், பாய் வேறு விளக்குக் கொடுத்து ஆமையைக் காப்பாற்றியதாகவும் என் மைத்துனர் உறவினர்களிடம் சொல்லி வருகிறார். பாய் எந்த விளக்கும் கொடுக்கவில்லை. நான் வாங்கிய அதே விளக்குதான் இன்றும் எரிகிறது. தவறு கண்ணாடியை வைத்தது, வைத்தவன் நான்.